கேட்டில் முடிந்துபோன இன்டர்வியூ

பெங்களூர் ஜீவனஹள்ளியில் சும்மா நிற்கும் மின்கம்பம் ஒன்றுகூடக் கிடையாது. பி.ஜி. அறை காலி, மூலம் பவுத்திரம் சிகிச்சை, பத்தாம் வகுப்பு டியூஷன் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய நோட்டீஸ்களுக்கு நடுவே ‘ஆட்கள் தேவை’ எப்படியும் ஒன்று இருக்கும். தமிழில் ஒன்று, பக்கத்திலேயே கன்னடத்தில் ஒன்று. பேக்கிங், ஹெல்ப்பர், ஹவுஸ்கீப்பிங், டெலிகாலர். கீழே பொடி எழுத்தில் நிபந்தனைகள்: பெண்கள் மட்டும், வயது 18 முதல் 28 வரை. சிலவற்றில் ‘திருமணமாகாதவர்’ என்றும் போட்டிருப்பார்கள். காக்ஸ் டவுனுக்கும் பாணஸ்வாடிக்கும் அந்தப் பக்கமாகப் போய்வருகிறவர்கள் யாரும் நின்று சண்டை போடுவதில்லை. போடுவதென்றாலும் யாரிடம் போடுவது? நோட்டீஸில் கம்பெனி பெயர் இருக்காது. ஒரு செல்போன் எண்தான் இருக்கும்.

இப்படி ஒரு நிபந்தனை, பொடி எழுத்திலிருந்து தில்லி வரை போன கதை ஒன்று உண்டு. அது நடந்த இடம் இங்கிருந்து சென்னை நெடுஞ்சாலையில் முந்நூறு கிலோமீட்டர் சொச்சம் போனால் வரும் ஸ்ரீபெரும்புதூர்.

2023 மார்ச்சில் இருபது வயதுகளில் இருந்த அக்கா தங்கை இருவர், வாட்ஸ்அப்பில் வந்த வேலை விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அங்கிருக்கும் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலைக்குப் போனார்கள். இன்டர்வியூ அறை வரைக்கும் போகவில்லை. மெயின் கேட்டில் செக்யூரிட்டி கேட்டது ஒரே கேள்வி: கல்யாணம் ஆகிவிட்டதா? ஆகிவிட்டது என்றார்கள். திரும்பிப் போகச் சொல்லிவிட்டார். ராய்ட்டர்ஸ் நிறுவனம் 2024 ஜூன் 25 அன்று வெளியிட்ட நீண்ட புலனாய்வுச் செய்தி இந்தக் காட்சியோடு தொடங்கியது. ஆலையில் முன்பு வேலை பார்த்த மனிதவளத் துறையினரும் ஆள்பிடித்துத் தரும் ஏஜென்ட்களும் அதில் காரணங்களைச் சொல்லியிருந்தார்கள். மணமானவர்களுக்குக் குடும்பப் பொறுப்பு அதிகம், பிள்ளை பெறுவார்கள், லீவு போடுவார்கள். போதாததற்குத் தாலியும் மெட்டியும் வேறு. உலோகம் உற்பத்திக்கு இடைஞ்சலாம். ஆனால் ஆர்டர் குவிந்து ஆள் போதாத மாதங்களில் இந்த விதி தளர்த்தப்படும் என்றும் அதே செய்தியில் இருந்தது. அவசரத்துக்கு உதவுகிற கை மற்ற மாதங்களில் ஏன் உதவாது என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

நிறுவனம் குற்றச்சாட்டை அழுத்தமாக மறுத்தது. மணநிலை, பாலினம், மதம் எதன் பேரிலும் பாகுபாடு காட்டுவதில்லை என்றது. 2022-இல் ஆள்சேர்ப்பில் சில தவறுகள் இருந்தன, சரிசெய்துவிட்டோம் என்று ஆப்பிளும் ஃபாக்ஸ்கானும் சொன்னதாகவும் செய்தியில் இருந்தது. ஆனால் ராய்ட்டர்ஸ் பட்டியலிட்ட சம்பவங்கள் 2023-லும் 2024-லும் நடந்தவை.

அதற்குப் பிறகு அரசு எழுந்த வேகத்தைக் குறை சொல்ல முடியாது. மறுநாளே மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அப்போது அமலில் இருந்த 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தில் 5-ஆம் பிரிவு, ஆள் எடுக்கும்போது ஆண் பெண் பாகுபாடு கூடாது என்றது. அதை மேற்கோள் காட்டியே கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையமும் தானாக முன்வந்து நோட்டீஸ் அனுப்பியது. ஜூலை 1 அன்று அதிகாரிகள் ஐந்து பேர் ஆலைக்குள் போனார்கள். மனிதவள அதிகாரிகளோடு பேசினார்கள். உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்த மணமான பெண்களோடும் பேசினார்கள். எங்களுக்குச் சம்பளத்திலோ பதவி உயர்விலோ பாகுபாடு இல்லை என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். ஆலையில் மொத்தம் 41,281 பேர், அதில் பெண்கள் 33,360 பேர், அவர்களில் மணமானவர்கள் 2,750 பேர் என்று மாநிலத் தொழிலாளர் துறை அறிக்கை கொடுத்தது. அதாவது சுமார் 8 சதவீதம். புதிதாக எடுக்கப்பட்ட பெண்களில் 25 சதவீதம் பேர் மணமானவர்கள் என்று நிறுவனத் தரப்பு அரசிடம் சொன்னதாக ஏற்கெனவே செய்தி வந்திருந்தது. இரண்டும் வேறுவேறு கணக்கு என்றாலும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எவருக்கும் ஒரு கேள்வி எழத்தான் செய்யும்.

இந்த விசாரணையில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. அதைக் கண்டுபிடிக்க சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. புகார், கேட்டில் திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பற்றியது. விசாரித்ததோ கேட்டைத் தாண்டி உள்ளே போனவர்களை. 2024 நவம்பர் 19 தேதியிட்ட குறிப்பில் மனித உரிமை ஆணையம் இதைத்தான் சுட்டிக்காட்டியது: அதிகாரிகள் ஆள்சேர்ப்பு ஆவணங்களைப் பார்க்கவில்லை, இப்போது வேலையில் இருப்பவர்களின் வாக்குமூலத்தை நம்பி வழக்கமான பாணியில் அறிக்கையை முடித்துவிட்டார்கள், நான்கு வாரத்தில் மறுபடி விசாரியுங்கள். அரசு அமைப்பு ஒன்று இன்னொரு அரசுத் துறையின் அறிக்கையை இப்படி முகத்துக்கு நேராகத் திருப்பிக் கொடுப்பது அடிக்கடி நடக்கிற காரியமல்ல.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஃபாக்ஸ்கான் ஏஜென்ட்கள் சொன்ன காரணங்களை உச்ச நீதிமன்றம் 1965-லேயே கேட்டு முடித்துவிட்டது. பம்பாயில் இன்டர்நேஷனல் ஃப்ரான்சைசஸ் என்ற மருந்துக் கம்பெனி. அதன் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் பெண், கல்யாணம் செய்துகொண்டால் அன்றோடு வேலை போச்சு என்று விதி. பம்பாய் லேபர் யூனியன் வழக்குப் போட்டது. கம்பெனியின் வாதம் இது: இங்கே எல்லோரும் குழுவாக வேலை செய்கிறார்கள், ஒருத்தி வராவிட்டால் குழுவே நின்றுவிடும், மணமான பெண்கள்தான் அடிக்கடி லீவு போடுவார்கள். அதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டது நீதிமன்றம். மணமாகாத பெண்ணும் விதவையும் லீவு போட மாட்டார்களா? பிரசவ விடுப்புதான் சிக்கல் என்றால் மாற்றாளாக இரண்டொரு பெண்களைக் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? விதி ரத்தானது. அன்றைக்கு மருந்துப் பெட்டி. அறுபது ஆண்டு கழித்து ஐபோன் பெட்டி. வாதத்தில் ஒரு சொல்கூட மாறவில்லை.

அரசாங்கமே முதலாளியாக இருந்த இடங்களிலும் இதே சண்டை நடந்தது. குடகு விராஜ்பேட்டையில் பிறந்து, 1949-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி.முத்தம்மா. அந்தப் பணியில் இருக்கும் பெண் கல்யாணம் செய்ய அரசிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும். குடும்பத்தால் வேலை கெடுகிறது என்று அரசு நினைத்தால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். பதவி உயர்வு மறுக்கப்பட்டதும் முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே அரசு பதவி உயர்வைக் கொடுத்து, இனி வழக்குக்கு வேலையில்லை என்றது. 1979-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் வழக்கை முடித்துவைத்தார். ஆனால் அந்த விதிகளைக் கடுமையாகச் சாடி, எல்லாப் பணி விதிகளையும் அலசிச் சீர்செய்யும்படி சொல்லிவிட்டே முடித்தார். புகார் செய்தவருக்கு மட்டும் ஏதாவது கொடுத்து வாயடைத்துவிட்டு விதியை அப்படியே வைத்திருக்கும் பழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 1981-இல் ஏர் இந்தியா வழக்கு வந்தது. முதல் கர்ப்பத்தோடு விமானப் பணிப்பெண்ணை வீட்டுக்கு அனுப்பும் விதி விழுந்தது. நான்கு ஆண்டுக்குள் கல்யாணம் கூடாது என்ற விதி மட்டும் தப்பியது. கல்யாணம் செய்ததற்காக 1988-இல் ராணுவ நர்சிங் பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட செலினா ஜானுக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 பிப்ரவரியில். ராய்ட்டர்ஸ் செய்தி வர அப்போது இன்னும் நான்கு மாதம் இருந்தது.

இந்த வழக்குகளில் எல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு. போராடியவர்கள் உள்ளே இருந்தவர்கள். கையில் வேலை உத்தரவு இருந்தது, பதவி இருந்தது, சிலருக்கு யூனியன் இருந்தது. கேட்டில் திரும்பிப் போனவளிடம் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அவள் வந்துபோனதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அதனால்தான் விசாரணைக்கு யாராவது வந்தால் முதலாளிகளால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்ல முடிகிறது: ‘எங்களுக்குப் புகாரே வந்ததில்லை சார்.’

பெரும்பாலும் அது பொய்யாக இருப்பதில்லை என்பதுதான் சங்கடம். புகார் வந்திருக்காது. வர வழி இருந்திருக்காது.

ஆகவே ஒரு நிறுவனம் பாகுபாட்டுப் புகாரை எப்படிக் கையாள வேண்டும் என்ற பேச்சை, புகார் வந்த நாளில் தொடங்குவது தாமதம். ஆள் எடுக்கும் இடத்தில் தொடங்க வேண்டும். யார் வந்தார், எதற்காக வேண்டாம் என்றோம் என்று ஒரு வரி எழுதி வைக்கச் செலவு என்ன? ஆள் பிடித்துத் தரும் ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் போடும் விளம்பரமும் கம்பெனியின் விளம்பரம்தான். கேட்டில் நிற்கும் கான்ட்ராக்ட் செக்யூரிட்டி கேட்கும் கேள்வியும் கம்பெனியின் கேள்விதான். ‘அது வெண்டர் செய்தது’ என்பது கோர்ட்டில் சிறிது நேரம் நிற்கலாம், ஊர் வாயில் நிற்காது. இதை ஃபாக்ஸ்கானும் கடைசியில் புரிந்துகொண்டதாகத்தான் தெரிகிறது. வயது, பாலினம், மணநிலை எதையும் விளம்பரத்தில் போடக்கூடாது, கம்பெனி பெயரையும் போடக்கூடாது என்று ஏஜென்ட்களுக்குச் சொல்லி, மாதிரி விளம்பரத்தையும் அதுவே கொடுத்ததாக 2024 நவம்பரில் ராய்ட்டர்ஸ் எழுதியது. ஏ.சி. வசதியுள்ள இடம், இலவச பஸ், கேன்டீன், இலவச ஹாஸ்டல், மாதம் 14,974 ரூபாய். நிபந்தனை வரி மட்டும் காணோம். நல்ல மாற்றம்தான். கம்பெனி பெயரையும் சேர்த்து எடுத்தது ஏன் என்பது தனிக் கேள்வி. பெயரில்லாத விளம்பரத்தைப் பற்றி யார்மீது புகார் கொடுப்பது?

அரசு நோட்டீஸ் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான அலுவலகங்களில் முதல் மணி நேரம் நடப்பது ஒன்றுதான்: யார் போட்டுக் கொடுத்தது என்று தேடுவார்கள். இதைவிடக் கெட்ட தொடக்கம் கிடையாது. அமெரிக்காவில் வேலைவாய்ப்புச் சமவாய்ப்பு ஆணையம் என்று ஒரு கூட்டாட்சி அமைப்பு இருக்கிறது. பாகுபாட்டுப் புகார்கள் அங்கேதான் போகும். 2020 நிதியாண்டில் அதற்கு வந்த புகார்களில் 55.8 சதவீதத்தில் பழிவாங்கல் குற்றச்சாட்டு இருந்தது. இனம், நிறம், பாலினம், ஊனம் எதைவிடவும் அதிகம். முதல் குற்றச்சாட்டை நிரூபிக்க முடியாமல் தோற்றுப்போகிற ஊழியர்கூட, ‘புகார் செய்த மறுமாதமே ஷிஃப்டை மாற்றினார்கள்’ என்ற இரண்டாம் குற்றச்சாட்டில் ஜெயித்துவிடலாம். முதல் விஷயத்தில் தவறே செய்யாத கம்பெனி, இரண்டாவதில் தானாகப் போய் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

அதே அமெரிக்க விதிகளில் நமக்கு உதவுகிற இன்னொன்று: ஆள்சேர்ப்பு, வேலை நீக்கம் சார்ந்த காகிதங்களை ஓராண்டு வைத்திருக்க வேண்டும், புகார் வந்துவிட்டால் அது முற்றாக முடியும் வரை ஒரு காகிதத்தையும் அழிக்கக் கூடாது. நம் ஊரில் நோட்டீஸ் வந்ததும் பழைய ரிஜிஸ்டரைத் ‘தேடித் தொலைப்பது’ ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்வார்கள். ஆனால் ஃபாக்ஸ்கான் விவகாரத்தில் மனித உரிமை ஆணையம் குறையாகச் சொன்னதே ஆவணத்தைப் பார்க்கவில்லை என்பதைத்தான். காகிதம் சுத்தமாக இருந்தால் அதைக் காட்டிவிட்டு அன்றைக்கே தலைநிமிர்ந்து போகலாம். காகிதமே இல்லாதவன் எத்தனை சாட்சிகளை வரிசையில் நிறுத்தினாலும் சந்தேகம் போகாது. அந்தச் சாட்சிகள் எல்லோரும் அவனிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். லேபர் அதிகாரி வருவதற்கு முன்தினம் கேன்டீனில் கூட்டிவைத்து ‘நாளைக்கு என்ன கேட்பாங்க, என்ன சொல்லணும்’ என்று பாடம் எடுக்கிற வழக்கமும் இந்த ரகம்தான். பாடம் படித்த பதில் எப்படி ஒலிக்கும் என்று அதிகாரிக்குத் தெரியாதா?

பெங்களூரைச் சுற்றி இன்னொரு பழக்கம் உண்டு. ‘இது எங்க எல்லைக்குள்ள வராது’ என்று சொல்லிக் கதவைச் சாத்துவது. 2018-இல் ஓலா டாக்ஸியில் போன பெண் ஒருவர், டிரைவர் பாலியல் தொல்லை கொடுத்ததாக நிறுவனத்திடம் புகார் செய்தார். டிரைவர்கள் எங்கள் ஊழியர்கள் அல்லர், சுயேச்சையாகத் தொழில் செய்பவர்கள், எனவே பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவுக்கு அதிகாரமில்லை என்று பதில் வந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பர் 30 அன்று கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தைப் பொறுத்தவரை டிரைவரும் ஊழியர்தான் என்று சொல்லி, 90 நாளில் விசாரணையை முடிக்கவும் அந்தப் பெண்ணுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கவும் உத்தரவிட்டார். நிறுவனம் மேல்முறையீடு போக, டிவிஷன் பெஞ்ச் அதற்கு இடைக்காலத் தடை கொடுத்தது. சட்டக் கேள்வியின் முடிவு எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். 2018-லேயே குழு உட்கார்ந்து புகாரைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் இந்த ஆறு ஆண்டுகள் தேவைப்பட்டிருக்குமா?

சிஸ்கோ கதையும் இதற்குப் பக்கத்து வீடு. பெங்களூரில் பெரிய வளாகம் வைத்திருக்கும் கம்பெனி. சம்பவம் நடந்தது அதன் கலிபோர்னியா தலைமையகத்தில். தலித் இன்ஜினீயர் ஒருவர், உடன் வேலை பார்த்த இந்தியர்கள் தன் சாதியை மற்றவர்களிடம் சொல்லிப் பாகுபாடு காட்டுவதாக 2016-இல் மனிதவளத் துறையிடம் போனார். சாதிப் பாகுபாடு சட்டவிரோதம் அல்ல என்று உள் விசாரணை முடிவுகட்டியதாக, 2020 ஜூன் 30 அன்று கலிபோர்னியா அரசின் குடிமை உரிமைகள் துறை தொடுத்த வழக்கின் மனுவில் சொல்லப்பட்டது. சிஸ்கோ மறுத்தது. 2023 ஏப்ரலில் குற்றம் சாட்டப்பட்ட இரு இன்ஜினீயர்கள் மீதான வழக்கைத் துறையே வாபஸ் வாங்கியது. கம்பெனி மீதானதை வாங்கவில்லை. தனிநபர் குற்றவாளியா இல்லையா என்பதைவிட, புகாரைக் கம்பெனி எப்படிக் கையாண்டது என்ற கேள்விக்கு ஆயுள் அதிகம் போலிருக்கிறது. ‘சாதி’ என்ற சொல் கம்பெனிக் கையேட்டில் இல்லை என்பதால் அது கம்பெனியில் இல்லை என்று ஆகிவிடாது. பெங்களூர் ஐ.டி. ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாப்பாட்டு மேஜையில் ‘நீங்க வெஜ்ஜா?’ என்று தொடங்கும் விசாரிப்பு எங்கே போய் முடியும் என்று அவர்களுக்கே தெரியும்.

புகார் மேஜையில் ஆள் போதாமல் போவதும் உண்டு. கோலார் பக்கம் நரசாபுராவில் விஸ்ட்ரான் ஐபோன் ஆலை 2020 டிசம்பர் 12 அன்று உடைத்து நொறுக்கப்பட்டது. அது சம்பளப் பிரச்சினை, பாகுபாடு அல்ல. ஆனாலும் கர்நாடகத் தொழிற்சாலைகள் துறை பிறகு கண்டுபிடித்தது நம் விஷயத்துக்கும் பொருந்தும்: குறுகிய காலத்தில் ஆள்பலம் 5,000-லிருந்து 10,500 ஆனது, மனிதவளப் பிரிவு அதற்கேற்ப வளரவில்லை, வருகைப்பதிவு முறை கோளாறானது, சம்பளக் குறைவைப் பற்றிக் கேட்க ஒழுங்கான ஆளில்லை. ஒரு வாரத்தில் விஸ்ட்ரான் மன்னிப்புக் கேட்டு, இந்தியத் தொழிலைக் கவனித்த துணைத் தலைவரை நீக்கியது. கேட்க ஆளில்லாத புகார் நெடுஞ்சாலைக்கு வந்துவிடும். ஸ்ரீபெரும்புதூர் பெண்கள் 2021 டிசம்பரில் ஹாஸ்டல் சாப்பாடு விஷமானதற்கு இதே சென்னை–பெங்களூரு சாலையைத்தான் மறித்தார்கள்.

சரியாகச் செய்தவர்கள் யாருமே இல்லையா என்றால், திண்டுக்கல்லைச் சொல்ல வேண்டும். அதுவும் ஒரு கொலைக்குப் பிறகு. வேடசந்தூர் பக்கம் நாச்சி அப்பேரல் என்ற ஆயத்த ஆடை ஆலை, திருப்பூரின் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்துடையது. 2021 ஜனவரியில் அங்கே வேலை பார்த்த இளம் தலித் பெண் ஒருவர், அவருடைய சூப்பர்வைசரால் கொல்லப்பட்டார். ஆலையில் தொல்லை இருந்தது, சொல்லியும் பலனில்லை என்று சக பெண்கள் பேசினார்கள். தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அதைக் கையில் எடுத்தது. பெண்களே நடத்துகிற சங்கம், தலித் பெண்கள் அதிகம் உள்ள சங்கம். பிறகு 2022 ஏப்ரலில் சங்கமும் ஈஸ்ட்மேனும் ஓர் ஒப்பந்தம் போட்டன. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய வாங்கும் கம்பெனிகளும் தனியே கையெழுத்திட்டன. ஆலை விதியை மீறினால் வியாபாரத்தில் கைவைப்போம் என்பதே அதன் பல்.

ஜூலை 29 அன்று அமெரிக்கச் சுங்கத் துறை நாச்சி அப்பேரல் சரக்கைத் துறைமுகத்தில் தடுத்து வைக்க உத்தரவிட்டது. கட்டாய உழைப்புக்கான அறிகுறிகள் இருக்கின்றன என்பது காரணம். வெளிநாட்டு அரசு ஒன்று கதவைச் சாத்தினால் ஏற்றுமதிக் கம்பெனிக்கு அது உயிர்நாடியில் கைவைப்பது போல. ஆனால் செப்டம்பரிலேயே தடை நீங்கியது. காரணம், ஏப்ரல் ஒப்பந்தம் காகிதத்தில் இல்லாமல் ஆலைத் தளத்தில் ஓடிக்கொண்டிருந்ததைச் சுங்கத் துறையிடம் காட்ட முடிந்தது. சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த தொழிலாளிப் பெண்கள் ஒவ்வொரு லைனிலும் கண்காணிப்பாளராக இருந்தார்கள். சூப்பர்வைசர் கத்தினால், கெட்ட வார்த்தை பேசினால், பாத்ரூம் போகவிடாமல் தடுத்தால் இவர்களிடம் சொல்லலாம். சாதி சொல்லித் திட்டினாலும் சொல்லலாம். முதல் ஆண்டில் 185 குறைகள் வந்தன, 182 தீர்ந்தன. பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள்.

185 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு எந்த முதலாளியும் முகம் சுளிப்பார். சுளிக்க வேண்டாம். ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை பார்க்கும் ஆலையில் ஆண்டுக்கு 185 புகார் என்றால் வாய் திறக்க முடிகிறது என்று பொருள். பூஜ்யம் என்று எழுதியிருக்கும் ஆண்டறிக்கைதான் பயமுறுத்த வேண்டும். 2025 ஜூலை முதல் கம்பெனிகளின் இயக்குநர் அறிக்கையில், பணியிடப் பாலியல் தொல்லைப் புகார்கள் எத்தனை வந்தன, எத்தனை முடிந்தன, 90 நாளுக்கு மேல் எத்தனை கிடப்பில் உள்ளன என்ற மூன்று எண்களையும் போட்டாக வேண்டும். மூன்றிலும் பூஜ்யம் போட்ட பெரிய கம்பெனிகளைப் பங்குதாரர்கள் எழுந்து கேள்வி கேட்கும் காலம் வருமா என்பதுதான் தெரியவில்லை.

பெரிய கம்பெனிகளை விடுவோம். ஜீவனஹள்ளி போன்ற இடங்களில் தெருவுக்கு ஒன்று என்று தையல் யூனிட், கிளினிக், சின்னப் பள்ளிக்கூடம், டிபார்ட்மென்டல் ஸ்டோர். முதலாளியே மேனேஜர், மேனேஜரே மனிதவளம். லேபர் ஆபீஸ் விவகாரம் எல்லாம் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பார்க்கும் கன்சல்டன்ட் தலையில்தான் விழும். பாலியல் தொல்லைப் புகார்களுக்கான உள்ளகக் குழுவைப் பற்றி அவருக்கும் முதலாளிக்கும் நடக்கிற பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

“பதினாலு பேர்தாம்ப்பா இருக்கோம். இதுக்கெல்லாம் கமிட்டியா?”

“பத்துப் பேர் இருந்தாலே கட்டாயம்ணா. இல்லேன்னா அம்பதாயிரம் ஃபைன்.”

“சரி, பேப்பர்ல ஒண்ணு போட்டுடு. என் வீட்டம்மா பேரை எழுதிக்கோ.”

“அண்ணி இங்க வேலை பார்க்கலையேண்ணா.”

அண்ணி பெயர் செல்லாது. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி உள்ளகக் குழுவின் தலைவர் அங்கே வேலை பார்க்கும் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும். குழுவில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள். வெளியாள் ஒருவர் கட்டாயம். தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்தவராகவோ இந்த விஷயம் தெரிந்தவராகவோ இருக்க வேண்டும். முதலாளி மீதே புகார் என்றாலோ, பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றாலோ மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. அப்படி ஒரு குழு பல மாவட்டங்களில் பெயரளவில்தான் இருந்தது என்பதால், 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் கெடு வைத்து அதை அமைக்கச் சொன்னது. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான விசாகா தீர்ப்பு 1997-இல் வந்து இருபத்தேழு ஆண்டு ஆனபின் இந்த நிலை.

குழு அமைத்தபின் சின்ன இடங்களில் சறுக்குவது இரண்டு இடத்தில். ஒன்று, ரகசியம். பதினாலு பேர் இருக்கும் யூனிட்டில் மதிய டீக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்; பெயரை வெளியிடுவது சட்டப்படி குற்றம் என்பது குழுவில் இருப்பவர்களுக்கே தெரிந்திருக்காது. இரண்டாவது, இடைக்கால ஏற்பாடு. புகார் செய்தவர் எழுதிக் கேட்டால் குழு இருவரில் யாரை வேண்டுமானாலும் வேறு இடத்துக்கு மாற்றப் பரிந்துரைக்கலாம், அந்தப் பெண்ணுக்கு மூன்று மாதம் வரை விடுப்பும் தரலாம். நடைமுறையில் மாற்றப்படுவது எப்போதும் பெண்தான். அனுபவமுள்ள கட்டிங் மாஸ்டரை நகர்த்தினால் ஆர்டர் நிற்கும் என்று முதலாளி கணக்குப் போடுவார். அந்தக் கணக்கைக் குழு போடக் கூடாது. அதற்காகத்தான் வெளியாள்.

பாலியல் தொல்லை தவிர்த்த மற்ற பாகுபாடுகளுக்கு இவ்வளவு துல்லியமான வழிமுறை நம்மிடம் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டம், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 2017, திருநர்களுக்கு 2019, சாதிக்கு 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்று துண்டு துண்டாக இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர சசி தரூர் மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, பழைய சம ஊதியச் சட்டத்தைத் தனக்குள் இழுத்துக்கொண்டு, ஆள்சேர்ப்பில் பாலினப் பாகுபாடு கூடாது என்கிறது. கல்யாணம் ஆனவளா என்று கேட்பதைப் பற்றி அதில் தனியாக ஒரு வரி இல்லை. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றிய பணியிட நியாயச் சட்டத்தில் அது இருக்கிறது: மணநிலை, கர்ப்பம், வீட்டில் பராமரிக்கும் பொறுப்பு எல்லாம் பெயர் சொல்லிப் பாதுகாக்கப்பட்டவை. குறைகேட்கும் ஏற்பாட்டை ஒவ்வொரு முதலாளியும் வைத்திருக்க வேண்டும், புகார் செய்தவரைப் பழிவாங்கக் கூடாது என்பதும் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 25 பேருக்குக் குறைவான கம்பெனிகளுக்கு மட்டும் இப்போதைக்கு விலக்கு.

ஜீவனஹள்ளியின் பதினாலு பேர் யூனிட்டுக்கு அந்த விலக்கு இல்லை. இந்தியச் சட்டம் பத்திலேயே பிடித்துக்கொள்கிறது. வெளியாளைக் கூப்பிட்டால் ரொம்பச் செலவாகுமே என்று முதலாளி இழுத்தால், கன்சல்டன்ட் 2013-ஆம் ஆண்டு விதிகளை எடுத்துக் காட்டலாம். விசாரணை நடக்கும் நாளுக்கு அந்த வெளியாளுக்கு முதலாளி கொடுக்க வேண்டிய படி 200 ரூபாய். ஆட்டோ கட்டணம் தனி.